மச்சான் அளவு

துணியைத் தபாலில் விற்கிற கம்பெனி அது. கடை கிடையாது, கண்ணாடி அலமாரி கிடையாது, "சும்மா பார்த்துட்டுப் போங்க" என்று கூப்பிட வாசலில் ஆள் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை தலையணை கனத்தில் ஒரு கேட்லாக் வீடு தேடி வரும். படத்தைப் பார்த்துச் சீட்டை நிரப்பி அனுப்பினால், பழுப்புக் காகிதம் சுற்றிய பார்சலில் சட்டை வரும். போட்டுப் பார்த்தால் நமக்குச் சரியாக இருக்கும், இல்லாவிட்டால் தம்பிக்குச் சரியாக இருக்கும். எப்படியும் வீட்டில் யாருக்காவது சரியாக இருந்துவிடுகிறபடியால் கம்பெனி மூன்று தலைமுறையாக ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கம்பெனியின் வைர விழா நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மீடியத்துக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது.

மீடியம் என்பது ஆளின் பெயர் அல்ல, உத்தியோகம். அதைப் புரிந்துகொள்ளக் கம்பெனியின் சரித்திரத்தைக் கொஞ்சம் கேட்டாக வேண்டும். கம்பெனி தன் சரித்திரத்தை எழுத வரலாற்று அதிகாரி என்று ஒருவரைத் தனி அறையும் தனி மின்விசிறியும் கொடுத்து வைத்திருந்தது. அவர் எழுதியபடி, கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் நாடெங்கும் அலைந்து, ஆயிரமாயிரம் உடல்களை அளந்து பார்த்து, மனித குலத்தின் நடு அளவைக் கண்டுபிடித்தார்.

நடந்தது வேறு. பெரியவருக்கு வேலைவெட்டி இல்லாத ஒரு மச்சான் இருந்தார், மனைவியின் தம்பி. மூன்று வேளையும் அக்காள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடப் போவார். தின்கிற சோற்றுக்கு ஏதாவது ஒரு பிரயோஜனம் வேண்டாமா என்று பெரியவர் அவரைப் பிடித்து நிறுத்தி அளவெடுத்துச் சட்டை வெட்டினார். அது மீடியம். மச்சானைவிட ஒரு சுற்று சின்னது ஸ்மால், ஒரு சுற்று பெரியது லார்ஜ். விஞ்ஞானம் அவ்வளவுதான். பெரியவர் அலைந்தது மட்டும் நிஜம். அளவெடுக்கிற திங்கட்கிழமை பார்த்து மச்சான் கம்பி நீட்டிவிடுவார், அவரைத் தேடித்தான் அலைந்தார்.

பிடித்து வந்து நிறுத்தியதும் பெரியவர், "என்ன மச்சான், சௌக்கியமா?" என்று கேட்பாராம். "அப்படியே இருக்கேன்" என்பாராம் மச்சான். இரண்டு பேரும் ஏதோ பேச்சுக்குப் பேசிக்கொண்டது. கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு சடங்காக்கிவிட்டது. மச்சான் காலமானதும் அவருடைய அளவுக்கு அச்சாக இன்னொரு ஆளைத் தேடிப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவருக்கு ஒரு தடவை பல்வலி வந்து, ஒரு மாதம் கஞ்சி குடித்து, இளைத்துப்போனார். வேலையும் போயிற்று, கம்பெனி கொடுத்த வீடும் போயிற்று. அவருக்கு அடுத்து வந்தவர்தான் நம்முடையவர்.

நம்முடையவர் பார்சல் கட்டுகிற கூடத்தில் கயிறு முடிந்துகொண்டிருந்தவர். ஒருநாள் ஒரு சட்டையில் கறை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக யாரோ அதை இவர் மேல் மாட்டிவிட்டார்கள். அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பதவியைக் கொடுத்தார்கள். மூன்று அறை வீடு, அதிகாரி சம்பளம், வருஷா வருஷம் கேட்லாக்கில் படம். படத்தில் கழுத்துக்கு மேலே வெட்டிவிடுவார்கள். முகம் தெரிந்தால் சட்டை வாங்குகிறவர்களுக்குக் கவனம் சிதறுமாம். அவருடைய மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது மணிக்கட்டு மச்சத்தை வைத்துத்தான் அப்பாவைக் கண்டுபிடிப்பாள்.

இதற்கெல்லாம் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், மாறாமல் இருப்பது. கேட்க லேசாக இருக்கிறது, இருந்து பார்த்தால்தான் தெரியும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்வோம், அவர் அதை உத்தியோகமாகச் செய்தார். தட்டில் பாதியை மிச்சம் வைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் கால் பங்கு கூட்ட வேண்டும். அவருடைய மனைவி அடுப்படியில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அவர் எதிரே வயிறாரச் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

அப்படிக் காலம் தள்ளிக்கொண்டிருந்த வீட்டில் மகள் வளர்ந்து ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் தன் கையால் பிசைந்து சுட்ட ரொட்டியைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து, "அப்பா, நான் செஞ்சது" என்று நீட்டினாள். எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்? மறுநாளும் நீட்டினாள். வெண்ணெய் தடவியும் நீட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டையை மாட்டிப் பார்த்தார். பொத்தான் ஒரு பக்கம், துளை ஒரு பக்கம் நின்றன.

"மூச்சை உள்ள இழுங்க" என்றாள் மனைவி.

"இழுத்தாச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா திரும்பி வரமாட்டேன்."

அவள் கையை எடுத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். பல்வலிக்காரர் சாமான்களைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு நின்றது இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை அளவுக் கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அளவு சூப்பிரண்டு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வெல்வெட் விரித்த தட்டிலிருந்து டேப்பை எடுத்தார். "மச்சான் சௌக்கியமா?" என்று கேட்டார். "அப்படியே இருக்கேன்" என்று மீடியம் சொன்னார். சூப்பிரண்டு டேப்பைச் சுற்றினார், பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்ன?"

"வயிறு சார்."

"வயிறுன்னு தெரியுது. எப்போ வந்தது?"

"பொண்ணு ரொட்டிக் கடையில வேலைக்குச் சேர்ந்திருக்கு சார். நான் கொஞ்சம் பெருத்துட்டேன்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"டேப்பை வச்சுத்தான் சார்."

"நம்ம டேப்பு சரியா இருக்குதான்னு வருஷா வருஷம் எதை வச்சுப் பார்க்கிறோம்?"

மீடியம் திருதிருவென்று விழித்தார். "என்னை வச்சு சார்."

"அப்போ நீங்க எப்படிய்யா தப்பா இருக்க முடியும்?" என்றார் சூப்பிரண்டு. "டேப்பு சுருங்கியிருக்கு."

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்கள். வரலாற்று அதிகாரி எழுந்து பேசினார். "நம்ம கம்பெனி வரலாத்துல ஒரு தடவைகூடத் தப்பு நடந்ததில்லை. நடந்திருந்தா நான் எழுதியிருப்பேன். நான் எழுதல. அதனால நடக்கல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். டேப்பு வாங்கிய பிரிவு, டேப்பு வைத்த பிரிவு, டேப்பைத் துடைத்த பிரிவு என்று மூன்று பிரிவுகளிடமும் விளக்கம் கேட்டார்கள். கடைசியில் மழைக்காலத்தின் மேல் பழியைப் போட்டு முடித்துக்கொண்டு, பழைய டேப்புகளை எல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, மீடியத்தின் புது வயிற்றைச் சுற்றிப் புது டேப்பு அடித்தார்கள். அந்த டேப்பில்தான் அந்த வருஷத்துச் சட்டைகள் அத்தனையும் வெட்டப்பட்டன.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி நம்பவில்லை. "உங்களைத் திட்டவே இல்லையா?"

"மழையைத்தான் திட்டினாங்க."

"அப்போ வீடு?"

"வீடு இருக்கு."

அன்றைக்கு இரண்டு பேரும் பல வருஷங்களுக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கதை அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பார்சல்கள் போய்ச் சேர்ந்ததும் வாடிக்கையாளர்கள் எழுத ஆரம்பித்தார்கள். சட்டை தொளதொளவென்று இருக்கிறது, உள்ளே காற்று புகுந்து உப்புகிறது, கைக்குள் கை காணாமல் போகிறது என்றெல்லாம் எழுதினார்கள். கம்பெனி எல்லோருக்கும் ஒரே பதிலை அச்சடித்து அனுப்பியது: "எங்கள் மீடியம் அன்றும் இன்றும் ஒன்றே. தாங்கள்தான் இளைத்திருக்கிறீர்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்." இளைத்துவிட்டோமா என்று பயந்துபோய்ப் பாதிப் பேர் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள் என்று கேள்வி.

ஆனால் லார்ஜ்காரர்கள் வேறு மாதிரி எழுதினார்கள். இத்தனை வருஷமாக லார்ஜ் போட்டுக் கூனிக்குறுகிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது மீடியம் பிடித்தது. வயிற்றைக் குறைத்த கம்பெனி வாழ்க என்று எழுதி, ஆளுக்கு அரை டஜன் கேட்டார்கள். மனைவி தன்னை இப்போதெல்லாம் வேறு கண்ணோடு பார்க்கிறாள் என்று ஒருவர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

இந்தச் செய்தி மேல் மாடிக்குப் போயிற்று. அங்கே இருப்பவர் பெரியவரின் பேரன். தலை முழுக்க நரைத்துவிட்டாலும் எல்லோருக்கும் அவர் சின்னவர்தான். சின்னவர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

"வாடிக்கையாளரை எங்க தாத்தா நேர்ல பார்த்ததில்லை. எங்கப்பா பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, பார்க்கிற உத்தேசமும் இல்லை. அதனாலதான் அவங்களுக்கு என்ன வேணும்னு நமக்கு இவ்வளவு தெளிவாத் தெரியுது. அவங்களுக்கு வேண்டியது வளர்ச்சி. வளர்ச்சி எங்கிருந்து வரணும்? மீடியத்துக்கிட்ட இருந்து வரணும்." எல்லோரும் திரும்பி மீடியத்தைப் பார்த்தார்கள். அவர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே கம்பெனியில் ஊட்டப் பிரிவு என்று ஒன்று திறந்தார்கள். மீடியத்துக்குத் தனி மேஜை, தனி நாற்காலி, பரிமாற ஒரு அம்மா. காலையில் முட்டையும் பாலும், பதினொரு மணிக்கு ஒரு கேக், மத்தியானம் முழுச் சாப்பாடு, அதற்கு மேல் பழம், அதற்கு மேல் இன்னொரு கேக். போதும் என்று கையை வைத்து மறைத்தால் பரிமாறுகிற அம்மா விரலிடுக்கில் ஊற்றுவாள். "என்னைக் கோவிச்சுக்காதீங்க சார், மேல இருந்து உத்தரவு" என்பாள். இத்தனை வருஷம் சாப்பிடாதே என்று கொன்றவர்கள் இப்போது சாப்பிடு என்று கொல்கிறார்களே என்று அவருக்கு அழுகையே வந்தது. வாய் நிறைய கேக் இருந்ததால் அழ முடியவில்லை.

மாதத்துக்கு ஒரு டேப்பு மாறியது. பார்சல் பெருத்தது. தபால்காரர் சைக்கிளை விட்டுவிட்டுத் தள்ளுவண்டியில் வந்தார். ஸ்மால் போட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரையும்விடப் பாவம் வரலாற்று அதிகாரிதான். கூடத்தில், கையில் சீட்டுக்கட்டோடு நிற்கிற மச்சானின் பெரிய படம் ஒன்று தொங்கியது. அதில் இருந்த மச்சான் ஒல்லியாக இருந்தார். அன்றும் இன்றும் ஒன்றே என்று அச்சடித்துவிட்டு அவரை ஒல்லியாக விட்டு வைக்க முடியுமா? மாதா மாதம் பெயிண்டர் ஏணி போட்டு ஏறி, மச்சானுக்கு ஒரு சுற்று வயிறு வரைந்துவிட்டு இறங்குவார்.

"சட்டத்துக்குள்ள இன்னும் எவ்வளவு இடம் இருக்கு?" என்று கீழே நின்று கேட்பார் வரலாற்று அதிகாரி.

"ரெண்டு மாசத்துக்கு வரும் சார். அப்புறம் சீட்டுக்கட்டை அழிச்சிடலாம்" என்பார் பெயிண்டர்.

மீடியத்துக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. செருப்பு மாட்டக் குனிந்தால் கண் இருட்டியது. மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இப்படியே போனா பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க இருக்க மாட்டீங்க, உங்க படம்தான் இருக்கும்" என்றார்.

"அந்தப் படத்துலகூட இவருக்குத் தலை இருக்காது டாக்டர்" என்று சொல்லிவிட்டு மனைவி அங்கேயே அழ ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டால் ஆள் போய்விடுவார், சாப்பிடாவிட்டால் வேலையும் வீடும் போய்விடும். மீடியம் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா ரிட்டயர் ஆயிடலாம். உங்களை நடுத்தெருவுல விட்டுட்டு நான் மட்டும் இளைச்சு என்ன பண்ணப் போறேன்?" என்றார்.

"எங்களுக்கு வீடு வேணும்னு யார் சொன்னா?" என்றாள் மனைவி. "இந்த வீட்டுக்கு வந்த நாளா உங்க உடம்பு எனக்குச் சொந்தமில்ல. திங்கக்கிழமை திங்கக்கிழமை கொண்டுபோய்க் காட்டிட்டுக் கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு. எனக்கு நீங்க வேணும், அவ்வளவுதான்."

"ரொட்டிக் கடை மாடியில ஒரு ரூம் காலியா இருக்குப்பா" என்றாள் மகள். "அடுப்புச் சூடு கொஞ்சம் ஏறும். மத்தபடி நல்ல ரூம்."

மறுநாளிலிருந்து அவர் தட்டில் விழுந்ததெல்லாம் மேஜைக்கடியில் இருந்த தூக்குப் பாத்திரத்துக்குப் போயிற்று, தூக்கு பார்சல் கூடத்துக்குப் போயிற்று. கயிறு முடிகிறவர்கள் கமுக்கமாகச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்கள். பரிமாறுகிற அம்மாவுக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாலையில் கணவனும் மனைவியும் ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமைகளில் சட்டைக்குள்ளே ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார். அது போதாமல் போனபோது தலையணை உறையைச் சுற்றிக்கொண்டார். சூப்பிரண்டு தொட்டுப் பார்க்கிற ஆசாமி அல்ல, டேப்பைப் பார்க்கிற ஆசாமி.

வைர விழாவும் வந்தது. மேடை, மாலை, மைக், முன்வரிசையில் பெரிய மனிதர்கள். வரலாற்று அதிகாரியின் புத்தகம் பட்டுத்துணிக்குள் காத்திருந்தது. மீடியத்துக்கு விழாவுக்கென்றே ஜரிகை வைத்த ஒரு சட்டை தைத்திருந்தார்கள். போன மாத டேப்பில் தைத்தது. அவர் மேடைக்குப் பின்னால் நின்று அதை மாட்டினார். தலையணை உறை கையில்தான் இருந்தது. எதிரே மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் உறையை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டுப் படியேறினார். மூச்சு வாங்காமல் ஏறினார்.

சட்டை அவரைச் சுற்றித் தொங்கியது. தோள் முழங்கைக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சின்னவர் கவனிக்காதவர் போல் மைக்கைப் பிடித்து, தாத்தாவின் குரலில், "என்ன மச்சான், சௌக்கியமா?" என்று கேட்டார்.

மீடியம் கூட்டத்தைப் பார்த்தார். பார்சல் கூடத்து ஆட்கள் கடைசி வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"சௌக்கியம்தான் சார்" என்றார். "இளைச்சிட்டேன்."

வரலாற்று அதிகாரி பேனாவைக் கீழே போட்டார். சூப்பிரண்டு டேப்பை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மறுபடியும் மழையா என்று. மேடையில் எல்லோருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சின்னவர் மட்டும் அசரவில்லை. மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"இவர் நம்ம பழைய நண்பர். இவர் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா மனுஷன்னா என்னன்னு பாருங்க. சாப்பிட்டா பெருக்கிறான், சாப்பிடலைன்னா இளைக்கிறான், வயசானா கூனிப்போறான். இவ்வளவு பொறுப்பில்லாத ஒண்ணை நம்பியா ஒரு கம்பெனியை நடத்துறது? மனுஷனுக்காகத்தான் சட்டைங்கிற பழைய எண்ணத்தை இன்னைக்கு இந்த மேடையிலேயே விட்டுடுவோம்" என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அந்தக் கம்பெனியின் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். தட்டும்போது கைகள் வெளியே தெரியவில்லை.

அடுத்த வாரமே பஞ்சு அடைத்த ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதுகில் ஜிப்பு உண்டு. வளர்ச்சி வேண்டும்போது ஒரு கூடை பஞ்சைத் திணித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை சடங்கு இன்றும் நடக்கிறது. சூப்பிரண்டு சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, அப்படியே இருக்கேன் என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்கிறார். பொம்மைக்குத் தலை வைக்கவில்லை. வீடு மட்டும் அதற்குத் தேவைப்படவில்லை, பூட்டிப் போட்டுவிட்டார்கள்.

நம்முடையவர் ரொட்டிக் கடை மாடிக்குக் குடிபோனார். காலையில் கீழே இறங்கி ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் கயிறு முடிவார். கை அந்த வேலையை மறக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்குப் போட நல்ல சட்டை வேண்டுமே என்று பழக்க தோஷத்தில் கம்பெனிக்கே எழுதிப் போட்டார்: ஒரு வெள்ளைச் சட்டை, மீடியம்.

தபால்காரர் அதைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. பிரித்து உதறினால் கட்டிலை மூடிவிட்டு மிச்சம் தரையில் கிடந்தது. பெரிதாக இருக்கிறது என்று பணிவாக ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்தது. எங்கள் மீடியம் அன்றும் இன்றும் ஒன்றே. தாங்கள்தான் இளைத்திருக்கிறீர்கள்.

"உடம்பைக் கவனிச்சுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"நல்ல மனுஷங்க" என்று சொல்லிக்கொண்டே மனைவி கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள்.

அவர் போய் அறை நடுவில் நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டார். மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"அளவு எடுக்க வேண்டாமா?"

"கையை இறக்குங்க. நான் என்ன சூப்பிரண்டா?" அவள் துணியை அவர் முதுகின் மேல் போட்டு, சோப்புத் துண்டால் இங்கே ஒன்று அங்கே ஒன்று கோடு இழுத்துவிட்டு, வெட்ட உட்கார்ந்துவிட்டாள். டேப்பு வீட்டிலேயே கிடையாது.

மறுநாள் சாயங்காலம் சட்டை தயாரானது. போட்டுப் பார்த்தார். தோள் சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது. பொத்தான்கள் தாமாகப் போய்த் துளையில் உட்கார்ந்தன. வயிற்றுப் பக்கம் மட்டும் இரண்டு விரல் இடம் இருந்தது. அவர் அதைப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடி முன்னால் போய் நின்று மறுபடியும் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் பயமாகக்கூட இருந்தது.

"இங்க கொஞ்சம் லூசா இருக்கே."

"இருக்கட்டும். உள்பக்கமும் துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன். வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? நாளைக்கும் சாப்பிடுவீங்கல்ல?" என்றாள் அவள், ஊசியிலிருந்து நூலைக் கடித்து எடுத்துக்கொண்டே.

கீழே இருந்து மகள் ரொட்டி வெந்துவிட்டதென்று குரல் கொடுத்தாள். அவர் புதுச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். அவள் இரண்டு தட்டுகளை எடுத்து எதிரெதிரே வைத்தாள்.